தலைவி ஆகப் போற பேத்திக்கு

ஏட்டி, காலேஜுல உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்காவன்னு உங்க அம்மை தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டு அலையுதா. மெட்ராசுல மாணவியருக்குத் தலைமைப் பண்பு மாநாடாம். ரெண்டு நாளாம். மூணு வேளைச் சாப்பாடாம். கழுத்துல தொங்கவிட அட்டை குடுப்பாவளாம். நல்லது தாயி, போயிட்டு வா. கருப்புக் கோட்டு ஒண்ணு தச்சு ஆணியில மாட்டி வச்சிருக்கியே, அதைப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிசம் பகீருன்னு ஆயிட்டு. வாழைத் தோட்டத்து வரப்புக் கேஸு திரும்பவும் உயிரு புடிச்சு வக்கீலே வீட்டுக்கு வந்துட்டாருன்னு நெனச்சிட்டேன். நம்ம ஊரு வெயிலுக்கு அதைப் போட்டுக்கிட்டு ஸ்டேஷன்ல நின்னா, தலைமைப் பண்பு வாரதுக்கு முன்னால மயக்கம் வந்துரும். ரயில்ல ஏறின பெறவு மாட்டிக்கோ.

தாத்தன் கேலி பண்ணுதான்னு மூஞ்சியைத் தூக்காத. இந்த வீட்டுல நான் கேலி பண்ண முடியாத ஆளு ஒருத்திதான், அது உங்க ஆச்சி. மத்த எல்லாரும் என் வாயில விழுந்து எந்திரிச்சவியதான். நாலு வார்த்தை சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்கோ, பிடிக்காட்டி மாநாட்டுல குடுக்குத பையில போட்டு அங்கனயே மறந்துட்டு வா.

நிகழ்ச்சி நிரலைப் போன்ல வாசிச்சுக் காட்டினியே, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது முத நாள் மத்தியான வகுப்புதான். இடுப்புல ரெண்டு கையையும் ஊணி, காலை அகட்டி, நெஞ்சை நிமித்தி ரெண்டு நிமிசம் நின்னா உள்ளுக்குள்ள தைரியம் ஊறும்னு சொல்லிக் குடுப்பாவளாம். மாடி வீட்டு வாத்தியார் மவன்கிட்ட இதைப் பத்தி விசாரிச்சேன். அமெரிக்கச் சரக்காம் அது. 2010ல டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப்னு மூணு பேரு ஆராய்ச்சி பண்ணி எழுதினாவளாம். 2012ல ஏமி கடி அம்மா மேடையேறிப் பேசினதை ஒலகம் பூரா கோடிக்கணக்குல ஆளுக பாத்தாவளாம். பெறவு வேற ஆளுக அதே சோதனையைப் பெருசாப் பண்ணிப் பாத்தா, ஒடம்புக்குள்ள ஊறும்னு சொன்னது எதுவும் ஊறக் காணோம். 2016ல கார்னி அம்மாவே எனக்கு இதுல இப்ப நம்பிக்கை இல்லன்னு வெளிப்படையா எழுதிட்டாவ. கடி அம்மா விடல, அப்படி நின்னா மனசுக்காவது தெம்பாத் தோணுதுல்லான்னு வாதாடுதாவ. தோணட்டும், நமக்கென்ன நட்டம். ஆனா உங்க ஆச்சி இடுப்புல கை வச்சு நின்னதை நாப்பது வருசத்துக்கு மேல பாத்தவன் சொல்லுதேன், அப்படி நின்னா எதுவுமே நடக்காதுன்னு நான் ஒத்துக்கிட மாட்டேன். நிக்கிறவளுக்குத் தைரியம் வருதோ இல்லையோ, எதுத்தாப்புல நிக்கிறவனுக்குப் பயம் வாரது நிச்சயம். அந்த ஆராய்ச்சிக்காரவிய தப்பான ஆளைச் சோதிச்சுப் பாத்துட்டாவ.

இந்த வீட்டுல தலைமை கை மாறின தேதியும் எனக்குத் தெரியும். 2023 செப்டம்பர் 15. மகளிர் உரிமைத் தொகைன்னு குடும்பத் தலைவிக்கு மாசம் ஆயிரம் ரூவா போட ஆரம்பிச்சாவ பாரு, அன்னைக்குத்தான். ரேஷன் கார்டுல இன்னைக்கும் என் படந்தான் இருக்கு, மீசையெல்லாம் முறுக்கி. ஆனா பாங்கு மெசேஜ் வாரது ஆச்சி போனுக்கு. அதுக்கு முன்னால வெத்தலைக்கு நான் காசு குடுப்பேன். இப்ப அவகிட்ட கேக்கேன். அவ எதுக்குன்னு கேக்கா. எனக்கு எந்த மாநாட்டுலயும் இதைச் சொல்லிக் குடுக்கல, ஆனாலும் வெளங்கிட்டு. படம் யாருதுங்கிறது முக்கியமில்ல, மெசேஜ் யாரு போனுக்கு வருதுன்னு பாக்கணும்.

இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நீ மெட்ராசுக்குப் போகணும்னு சொல்லுதேன்.

நீ ஏறப் போற செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கே, அது 2023 டிசம்பர் 17 ராத்திரி நம்ம ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னு போனது ஞாபகம் இருக்கா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்கு அடியில இருந்த மண்ணையும் சல்லியையும் வெள்ளம் அரிச்சுட்டுப் போயிட்டு. ரயிலுக்குள்ள எண்ணூறு பேருக்குப் பக்கம். கொஞ்சம் பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாவ, மிச்சம் பேரு பெட்டிக்குள்ளயே கெடந்தாவ. ஹெலிகாப்டர்ல பொட்டலம் வந்து விழுததுக்கு முன்னால, மேலப்புதுக்குடி சனங்க கோயில்ல அடுப்பு மூட்டி, இருந்த அரிசி பருப்பை வச்சு வந்தவியளுக்கு ஆக்கிப் போட்டாவ. அவிய வீட்டைச் சுத்தியும் வெள்ளந்தான், அவியளுக்கும் கரண்டு கெடையாது. நெருக்கடியில முடிவெடுக்கிறதுன்னு உனக்கு ஒரு மணி நேர வகுப்பு இருக்குன்னியே, அதை எடுக்க வாரவிய முகம் தெரியாத கூட்டத்துக்கு இருக்கிற அரிசியில ரெண்டு நாள் கணக்குப் போட்டுப் பாத்தவியளான்னு மட்டும் தெரிஞ்சுக்கோ. கொதிக்கிற ஒலைக்கு முன்னால எவளும் தன்னைப் பத்தி ரெண்டு நிமிசம் அறிமுகம் பண்ணிக்கிட்டு நிக்க மாட்டா. அறிமுகம் பண்ணிக்கிடாததுனாலதான் அவ பேரு நான் பாத்த எந்தப் பேப்பர்லயும் இல்ல. நீ அறிமுகம் பண்ணிக்கோ, அதுல எனக்குக் கோளாறு ஒண்ணும் இல்ல. பேரு இல்லாமப் போனது போதும்.

ரயில் எழும்பூர்ல கொண்டு விடும். மாநாடு முடிஞ்ச அன்னைக்கு, ரயிலுக்கு நேரம் இருந்தா, பாந்தியன் ரோட்டுல இருக்கிற மியூசியத்துக்குப் போ. நம்ம ஊருல பாதி அங்கதான் இருக்கு. 1876ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரரு வந்து நம்ம ஆதிச்சநல்லூர்ப் பறம்பைத் தோண்டினாரு, கெடச்சதை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டாரு. 1899ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரியா தோண்டினாரு, முதுமக்கள் தாழியா எடுத்தாரு, நெத்தியில கட்டுத தங்கப் பட்டம், வெங்கலச் சாமான், இரும்புக் கத்தின்னு எல்லாம் மெட்ராசுக்குப் போயிட்டு. இந்த ஊருக்கு வந்தவன் எவனும் வெறுங்கையோட திரும்பினது கெடையாது தாயி. இப்பத்தான், 2023 ஆகஸ்டுல, தோண்டின குழியை அப்படியே வச்சு மேல கண்ணாடி போட்டு, தாழியை இருந்த எடத்துலயே பாக்கும்படி பண்ணியிருக்காவ. திறந்து வச்சதும் ஒரு அம்மாதான், நிர்மலா சீதாராமன். 2020 பட்ஜெட்டுல ஆதிச்சநல்லூர் பேரை வாசிச்சதும் அவியதான். அவிய கட்சி எதுவா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும், பட்ஜெட்டை வாசிக்கிற கையில பேனாவும் இருந்துது, அதனால ஊரு பேரு அதுல ஏறிச்சு.

2004ல தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில தோண்டினப்ப உங்க ஆச்சி அந்தக் குழியில சட்டி சுமந்தவ. அந்தத் தோண்டல்ல ஒரு பானை ஓடு கெடச்சுது. அதுல மண்ணை ஒட்டி ஒரு பொம்பளை உருவம் செஞ்சிருக்கு. பக்கத்துல நெல்லுக் கதிரு, நாரை, மானு, முதலை. வயலும் ஆறும் காடும் எல்லாம் இருக்கு, ஆம்பளையைத்தான் காணோம். எடம் இல்லாம விட்டுப் போச்சா, செஞ்சவ வேணும்னே விட்டாளான்னு ஆச்சிகிட்ட கேட்டேன். ஒனக்கு எதுக்கு அந்தக் கவலைன்னுட்டா.

ஆக, நூத்தம்பது வருசமா எல்லாரும் இங்கன இருந்து எடுத்துட்டுப் போயிருக்காவ. நீ மெட்ராசுல இருந்து எதையாவது எடுத்துட்டு வா. பேனாவும் ஃபைலும் துணிப் பையும் சொல்லல. அது தூத்துக்குடி கடையிலயே கெடைக்கும். மக்ரூன் வாங்கப் போகும்போது வாங்கிக்கிடலாம்.

என்னத்தை எடுத்துட்டு வாரதுன்னு கேப்ப. முன்னால மாநாட்டுக்குப் போனவிய என்னத்தை எடுத்துட்டு வந்தாவன்னு சொல்லுதேன், கேளு. ஒனக்கு மாசாமாசம் ஆயிரம் ரூவா வருதுல்லா, புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. அதுல பாதி போனுக்கு ரீசார்ஜ் ஆகுதுன்னும் எனக்குத் தெரியும். அந்தத் திட்டத்துக்கு முன்னால ஒரு பேரு இருக்கு, அதை எவளும் முழுசாச் சொல்லுதது இல்ல. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். முன்னால அதே பேருல கல்யாணத்துக்கு உதவித் தொகையும் தாலிக்குத் தங்கமும் குடுத்துக்கிட்டு இருந்தாவ, அதைத்தான் படிப்புக்கு மாத்தினாவ. அந்த அம்மா கதை தெரியுமா? பொண்ணுகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுத வழக்கத்துக்குள்ள வளந்து, அதை மீறி வெளிய வந்து, அதை ஒழிக்கணும்னு ஊரு ஊராப் போயிப் பேசி, 1936ல அதைப் பத்தி ஒரு நாவலே எழுதினவிய.

1938 நவம்பர் 13, மெட்ராசு ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்துது. மறைமலையடிகள் மவ நீலாம்பிகை அம்மையார் தலைமை. மருத்துவர் தருமாம்பாள், இராமாமிர்தம் அம்மையார் எல்லாம் இருந்தாவ. ஈ.வெ.ராவைப் பெரியார்னு கூப்பிடணும்னு தீர்மானம் போட்டது அந்த மாநாட்டுலதான். ஆம்பளைக்குப் பட்டம் குடுத்த மாநாடு அது, அதைக் கவனி. நீங்க எல்லாம் சிறப்பு விருந்தினர் கையால பட்டம் வாங்கத்தான் வரிசையில நிப்பிய. சரி, அது போகட்டும். மறுநாள் என்ன பண்ணினாவ தெரியுமா? கட்டாய இந்தியை எதுத்து மறியலுக்குப் போனாவ, தருமாம்பாளும் இராமாமிர்தம் அம்மையாரும் கைதானாவ. கூடப் போன ஒரு அம்மா கைக்குழந்தையோடயே ஜெயிலுக்குப் போனாவ. முத நாள் மாநாடு, மறுநாள் ஜெயிலு. ஒங்க மாநாட்டுல மறுநாள் என்னன்னு நிரலைப் பாத்தேன், குரூப் போட்டோன்னு போட்டிருக்கு. ஒன்னை ஜெயிலுக்குப் போகச் சொல்லலட்டி, உங்கப்பன் என்னைக் கொன்னு போட்டுருவான். மறுநாள்னு ஒண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லுதேன்.

இன்னொரு அம்மா, முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரவிய. ஆம்பளைப் பசங்க படிச்ச காலேஜுல ஒத்தைப் பொம்பளையாப் படிச்சு டாக்டரானவிய. 1926ல பாரீசுல நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாவ. 1927ல மெட்ராஸ் சட்டசபைக்கு உறுப்பினராகி, துணைத் தலைவராவும் ஆனாவ. பொட்டுக்கட்டுக்கு எதிரா அங்க பேச ஆரம்பிச்சாவ. முழுச் சட்டம் வாரதுக்கு 1947 ஆகிட்டு. இருபது வருசம்! நீ ரெண்டு நாள் மாநாட்டுக்கு அப்புறம் வாழ்க்கையே மாறிட்டுன்னு ஸ்டேட்டஸ் போடுவ பாரு, அப்ப இந்த இருபதை நெனச்சுக்கோ.

இனி உள்ளூர்ச் சங்கதிக்கு வாரேன். ஒனக்கு எரிச்சல் வரப் போறது இங்கனதான்.

தலைமைங்கிறதை எங்க கத்துக்கிடலாம்னு பாத்தா, பஞ்சாயத்தை விடப் பக்கத்துல எதுவும் இல்ல. 1994 சட்டத்துல மூணுல ஒரு பங்கு பொம்பளைக்குன்னு வச்சாவ. 2016ல அதைப் பாதிக்குப் பாதி ஆக்கினாவ. ஆதிச்சநல்லூருல இருந்து எந்தத் திசையில சைக்கிளை மிதிச்சாலும், தலைவியா இருந்த ஒருத்தியைப் பாக்கலாம். பேரு வேண்டாம், ஒரு ஊருக்கு வீட்டு வரி விசயமாப் போயிருந்தேன். தலைவர் எங்கன்னு கேட்டேன். நாற்காலியில இருந்தவரு நான்தான்னாரு. போர்டுல பொம்பளைப் பேரு இருக்கேன்னேன். அது என் வீட்டுக்காரின்னாரு. அவியளைப் பாக்க முடியுமான்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கான்னாரு. சரிங்க தலைவரேன்னு கும்புட்டு வந்துட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோசம்.

எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன், சொன்னா நாக்கு அழுகிரும். 2021 அக்டோபர்ல நெல்லை, தென்காசிப் பக்கம் எலெக்சன் நடந்துச்சே, அதுல பாளையங்கோட்டை யூனியன் சிவந்திப்பட்டியில பெருமாத்தாள்னு 90 வயசு ஆச்சி தலைவரா ஜெயிச்சாவ. அதே எலெக்சன்ல கடையம் பக்கம் வெங்கடாம்பட்டியில சாருகலான்னு இஞ்சினீரிங் படிச்ச சின்னப் புள்ள ஜெயிச்சா. 21 வயசு ஆனாப் போதும், எலெக்சன்ல நிக்கலாம். ஒனக்கு இன்னும் ரெண்டு மூணு வருசம் இருக்கு. அதுக்குள்ள ஆச்சியை நிறுத்திரலாமான்னு நான் யோசிச்சேன். அவ ஜெயிச்சா எனக்கு வெத்தலை சுத்தமா நின்னுரும்னு விட்டுட்டேன்.

ஆனா ஜெயிச்சவளுக்கும் ஒரு முடிச்சு இருக்கு. பஞ்சாயத்துக் காசை எடுக்கத் தலைவர் ஒருத்தி கையெழுத்துப் போட்டாப் பத்தாது, துணைத் தலைவரும் சேந்து போடணும். காசு களவு போகக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல வச்ச சட்டம். தனித் தொகுதியில ஜெயிச்சு வந்த எத்தனையோ பொம்பளைக அந்த ரெண்டாவது கையெழுத்து வராம, தெருவிளக்குக்குக் கூடக் காசெடுக்க முடியாம நின்னுருக்காளுவ. நம்ம கடல்ல முத்துக் குளிச்ச காலத்துல, 1961 வரைக்கும் குளிச்சாவ, முங்குதவன் இடுப்புக் கயித்தை மச்சினன் கையிலதான் குடுப்பானாம். அக்கா தாலிக்குப் பயந்தாவது அவன் இழுப்பான்னு நம்பிக்கை. இங்க முங்குதது தலைவி. கயித்தைப் பிடிச்சிருக்கிறவனுக்கு அவ மேல வந்தா என்ன, வராட்டி என்ன.

சிரிப்பை நிறுத்திட்டுச் சொல்ல வேண்டியதும் இருக்கு. மதுரை வில்லாபுரத்துல லீலாவதி, கைத்தறிக் குடும்பத்துப் பொம்பளை, 1996ல கவுன்சிலர் ஆனாவ. சனங்களுக்குக் குடிதண்ணி வரணும்னு நின்னாவ. 1997 ஏப்ரல்ல நடுத்தெருவுல வெட்டிக் கொன்னுட்டானுவ. நமக்குப் பக்கத்துல தாழையூத்துல கிருஷ்ணவேணி, பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவிய, 2011ல வெட்டுனானுவ. உயிரு தப்பினது பெரும்பாடு. இவிய யாரும் தன்னம்பிக்கை கொறஞ்சவிய இல்ல தாயி. தன்னம்பிக்கைப் பயிற்சி எல்லாம் பொம்பளைக்குத்தான் குடுக்காவ. அவளைத் தாங்கிக்கிடுத பயிற்சி ஆம்பளைக்கு எந்தக் காலேஜுல குடுக்காவன்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த மாநாட்டுக்கு ஆளனுப்பினா நான் முத ஆளாப் போறேன், கோட்டும் தச்சுக்கிடுதேன்.

இதனால மேடையில பேச வாரவியகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. கடைசியில கேள்வி நேரம்னு மைக்கைக் குடுப்பாவ. மத்த புள்ளைய எல்லாம் எழுந்து, உங்க வெற்றி ரகசியம் என்ன மேடம்னு கேப்பாளுவ. அவியளும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்னு சொல்லுவாவ. அஞ்சு மணிக்கு எந்திரிச்சா தலைமை வரும்னா, நம்ம ஊரு வாழைத்தாரு சுமக்கிற பொம்பளைக எல்லாம் கலெக்டரா இருக்கணும். நீ மரியாதையா வணக்கம் சொல்லிட்டு, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா எத்தனை ரூவா வரைக்கும் செல்லும் மேடம்னு கேளு. கோவிச்சுக்கிட்டா அவிய வேற யாருக்கோ போர்டு. சிரிச்சுக்கிட்டே தொகையைச் சொன்னா, அந்தத் தொகை எப்படி அவிய கைக்கு வந்துது, மொதல்ல எத்தனை இருந்துது, யாரு தடுத்தாவ, எப்படித் தாண்டினாவன்னு கேட்டு எழுதிட்டு வா. மெட்ராசுல இருந்து எடுத்துட்டு வான்னு சொன்னேன்லா, அது இதுதான்.

வந்ததும் தூங்கிட்டு எந்திரிச்சு, அக்டோபர் 2 கிராம சபைக்கு வா. வருசத்துக்கு ஆறு தடவை நடக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒனக்கு 18 முடிஞ்சு ஓட்டர் லிஸ்டுல பேரு ஏறிட்டு, இதுக்கு எந்தக் காலேஜும் ஒன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2019ல ஜெயிச்சவிய காலம் 2025 ஜனவரியில முடிஞ்சதுல இருந்து நம்ம பக்கம் தனி அலுவலர் கையிலதான் பஞ்சாயத்து. தலைவியும் இல்ல, தலைவி புருசனும் இல்ல. கேள்வி கேக்க இதை விட நல்ல நேரம் வாய்க்காது.

அங்க வரவு செலவை வேகமா வாசிப்பாவ. நாங்க கெழடுக தலையை ஆட்டிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவோம். நீ போகாத. நம்ம ஊரு கண்ணாடி போட்ட மியூசியத்துக்கு வாரவிய வண்டியை நிறுத்துத எடத்துல பொம்பளைக்குக் கக்கூசு இருக்கா, அதைக் கழுவ ஆளுக்கு எந்தக் கணக்குல சம்பளம், வெள்ளத்துல போன வாய்க்கால் கரைக்கு எத்தனை ஒதுக்கினாவ, எத்தனை செலவாச்சுன்னு கேளு. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லு. எழுதினதை ஒரு தடவை சத்தமா வாசிக்கச் சொல்லு. அதுக்குப் பெறவு கையெழுத்துப் போடு.